எம்டன் தளபதியும் நவம்பர் மாத மன்றாட்டும்



ஜூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறும், அதற்குக் கல் சுமந்த கைகளும், பணிபுரிந்து சென்ற குருக்களும் கன்னியரும் அதில் இடம்பெறுவது முறை. அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் காண்பீர்கள். எனக்குக் கிடைத்த இப்பக்கங்களில், நம் கடற்கரை கண்ட ஒரு போர் இரவையும், அதை நிகழ்த்திய கடற்படைத் தளபதியையும், அந்தப் போரில் மாண்டு நம் நினைவிலிருந்து மறைந்துபோனவர்களையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். விழாக் காலத்தில் சாவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். உயிரோடிருப்பவர் மட்டும் கூடிக் கொண்டாடுவது திருச்சபையின் வழக்கமல்ல. மரித்தோரையும் சேர்த்து எண்ணினால்தான் ஒரு பங்கின் குடும்பக் கணக்கு நிறைவு பெறும்.

பெயரில் நிற்பவரும் நிற்காதவரும்

நம் ஊரின் பெயரே ஒரு வரலாற்றுப் பாடம். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர், கம்பெனியின் துணி வாணிகத்துக்காக நெசவாளர்களைத் திருவொற்றியூரை அடுத்துக் குடியமர்த்தினார். காலெட்பேட்டை என்று அவர் பெயரால் வழங்கிய ஊரே மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆளுநரின் பெயர் முந்நூறு ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. தறியில் உட்கார்ந்து துணி நெய்தவர்களின் பெயர் எந்தத் தெருவுக்கும் இல்லை.

போர் வரலாறும் பெரும்பாலும் இப்படித்தான். தளபதியின் பெயர் நூலில் ஏறுகிறது. கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போட்டவன் பெயர் கடலோடு போகிறது. ஆனால் நான் சொல்லப்போகும் தளபதி, தன் பெயரைவிடத் தன்னோடு மாண்டவர்களின் பெயரைப் பெரிதாக மதித்தவர். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

1914 செப்டம்பர் 22

“அவன் சரியான எம்டன்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அடங்காத பிள்ளையையும், கண்டிப்பான தகப்பனையும், கெட்டிக்காரனையும் ‘எம்டன்’ என்று சொல்வது தமிழிலும் மலையாளத்திலும் இலங்கையிலும் வழக்கமாயிற்று. அந்தச் சொல் வந்த இடம் நம் சென்னைத் துறைமுகம்.

எம்டன் என்பது ஜெர்மானியக் கடற்படையின் ஓர் இலேசு ரகப் போர்க்கப்பல். 1908-இல் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்டது. சீனக் கரையில் சிங்டாவ் துறைமுகத்தில் நின்றிருந்தபோது அதன் வெண்ணிற அழகைக் கண்டவர்கள் அதைக் ‘கீழ்த்திசை அன்னம்’ என்று அழைத்தார்கள். 1913 முதல் அதன் தளபதியாக இருந்தவர் கார்ல் ஃபான் முல்லர். 1873-இல் ஹனோவரில் ஒரு படை அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். அதிகம் பேசாதவர் என்று அவருடன் பணிபுரிந்தோர் எழுதியுள்ளனர்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும், தம் கடற்படைக் குழுவிலிருந்து பிரிந்து தனியாக இந்துமாக் கடலுக்குச் செல்ல அவர் அனுமதி பெற்றார். எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. பிரிட்டிஷ் கப்பல் என்று காண்போர் மயங்கும்படி துணியாலும் மரத்தாலும் நான்காவது ஒன்றைச் செய்து நிறுத்திக்கொண்டு, செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் புகுந்தார். சில நாட்களுக்குள் கல்கத்தா வழிக் கப்பல்கள் பல பிடிபட்டன. விரிகுடாவில் கப்பல் போக்குவரத்தே நின்றுபோயிற்று.

செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி அளவில் எம்டன் சென்னைக்கு முன்னால் வந்து நின்றது. போர்க்காலம் என்ற எண்ணமே இல்லாமல் நகரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் மேலிருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் ஒளி வீசிற்று. தேடு விளக்கைப் போட்டுத் துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டதும் பீரங்கிகள் முழங்கின. அரைமணி நேரத்துக்குள் 125-க்கும் மேற்பட்ட குண்டுகள் வந்து விழுந்தன. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ‘சுப்ரா’ என்ற வணிகக் கப்பலும் அடிபட்டது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்ட குண்டுகளில் ஒன்றும் எம்டன்மேல் படவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அது தெற்கே போய்விட்டது. எண்ணெய் எரிந்த புகையை வெகுதொலைவு சென்ற பின்னும் கண்டதாக அதன் மாலுமிகள் எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் முதல் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். மாண்டவர்கள் சிலரே என்றாலும் பயம் நகரம் முழுவதையும் பிடித்தது. குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் நினைவுக்கல் உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரின் கிழக்குப் பக்கத்தில் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்திலும் ஒரு குண்டின் பகுதியைக் காணலாம்.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று பலர் எழுதுவதுண்டு. தேசபக்தியால் எழுந்த கதை அது. அவர் அந்நாளில் ஐரோப்பாவில் இருந்தார் என்பதே ஆய்ந்தவர் முடிவு.

எதிரியாயினும்

நம் நகரின்மீது குண்டு போட்டவரைப் பங்கு மலரில் போற்றலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்திய மக்களின் கவனத்தைத் திருப்பவும், ஆங்கிலேயரின் வாணிகத்தைக் குலைக்கவும், அவர்கள் மதிப்பைக் குறைக்கவுமே சென்னையைச் சுட்டதாக முல்லர் தம் அறிக்கையில் சொன்னார். குறி எண்ணெய்த் தொட்டிதான். ஆனால் பீரங்கிக் குண்டுக்குத் தொட்டி எது, மனிதன் எது என்று தெரியாது. வயிற்றுப் பிழைப்புக்காகக் கப்பலில் இருந்த ஏழை மாலுமி எந்த ராஜாவின் சண்டையில் சேர்ந்திருந்தான்? அவன் சாவைத் தளபதியின் புகழால் மூடிவிட முடியாது.

என்றாலும் நீதியோடு சொன்னால், அந்தப் போரில் முல்லரைப்போல் நடந்துகொண்டவர்கள் குறைவு. வணிகக் கப்பலைப் பிடித்தால் முதலில் அதிலிருந்தவர்களைப் பத்திரமாக இறக்குவார். பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார். ‘கபிங்கா’ என்ற கப்பலில் அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்ததால் அந்தக் கப்பலை மூழ்கடிக்கவே இல்லை. பிடிபட்டவர்கள் எல்லாரையும் அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். விடுதலை பெற்ற ஆங்கிலேயர் போகும்போது அவருக்கு வாழ்த்தொலி எழுப்பினார்கள். இலண்டன் பத்திரிகைகளே அவருடைய கண்ணியத்தைப் பாராட்டி எழுதின.

அக்டோபர் 28 அதிகாலையில் பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து ‘செம்சுக்’ என்ற ருஷ்யப் போர்க்கப்பலை அவர் மூழ்கடித்தார். அதில் ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். வெளியே வரும்போது எதிர்த்து நின்ற ‘மூஸ்கே’ என்ற சிறிய பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கிற்று. அப்போது முல்லர் தம் கப்பலை நிறுத்தினார். எதிரிக் கப்பல்கள் எந்த நேரமும் துரத்தி வரக்கூடிய அந்த இடத்தில் படகுகளை இறக்கி, தண்ணீரில் தத்தளித்த 36 பிரெஞ்சு மாலுமிகளைத் தூக்கி எடுத்தார். காயத்தால் அவர்களில் மூவர் இறந்தபோது, தம் சொந்த வீரரைப்போல் முழு இராணுவ மரியாதையுடன் அவர்களைக் கடலில் அடக்கம் செய்தார். மற்றவர்களை வழியில் கண்ட ஒரு பிரிட்டிஷ் கப்பலில் ஏற்றி, சுமத்திராவின் சபாங் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தார்.

காலையில் சுட்டவன் மாலையில் அவனுக்காகத் தலைகுனிந்து நிற்கிறான். போரின் பைத்தியக்காரத்தனமும் மனித உள்ளத்தில் ஆண்டவர் இட்ட ஒளியும் ஒரே கப்பல் தளத்தில் அன்று தெரிந்தன.

கோகோஸ் தீவில் முடிவு

1914 நவம்பர் 9. மரித்தோர் மாதத்தின் இரண்டாம் வாரம். கோகோஸ் தீவிலிருந்த தந்தி நிலையத்தை அழிக்க முல்லர் 50 பேரைக் கரையிறக்கினார். நிலையத்தார் அனுப்பிய அபாயச் செய்தி, அருகே துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’க்கு எட்டியது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. அவற்றின் குண்டு தூரம் பாயும். இரண்டு மணி நேரத்துக்குள் எம்டனின் புகைபோக்கிகளும் பாய்மரமும் சரிந்தன. பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எஞ்சியவர்களையாவது காப்பாற்ற எண்ணி, முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறையில் மோதி நிறுத்தினார்.

சிட்னியில் மாண்டவர் 4 பேர். எம்டனில் மாண்டவர் 130-க்கும் மேற்பட்டோர். காயம்பட்டவர்கள் குடிக்கத் தண்ணீரில்லாமல் அந்த உடைந்த கப்பலில் ஓர் இரவு முழுவதும் கிடந்தார்கள். மறுநாள் சிட்னி திரும்பி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. சிறைப்பட்ட எம்டன் அதிகாரிகள் தங்கள் வாளை வைத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை ஆணையிட்டது. தோற்றவனுக்கு வென்றவன் செய்த மரியாதை அது.

முல்லர் மால்டாவிலும், பின்பு இங்கிலாந்திலும் சிறையிருந்தார். 1917-இல் சுரங்கம் தோண்டி 21 பேர் தப்பியபோது அவர்களுக்குத் தலைமை தாங்கிப் பிடிபட்டார். மலேரியாக் காய்ச்சல் அவர் உடலை உருக்கியிருந்தது. 1918-இல் நாடு திரும்பியவருக்கு ஜெர்மனியின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. 1923 மார்ச் 11-ஆம் நாள், ஐம்பது வயது நிறையுமுன்பே காலமானார்.

அவர் எழுதாத புத்தகம்

என் உள்ளத்தைத் தொட்டது இனிமேல்தான் வருகிறது. போர் முடிந்தபின் எம்டன் கதையை எழுதும்படி பலர் முல்லரைக் கேட்டார்கள். அந்நாளில் அத்தகைய நூல்கள் நன்றாய் விற்றன. அவர் பணக்காரர் அல்ல, நோயாளி. எழுதியிருந்தால் பெரும் பொருள் சேர்ந்திருக்கும். அவர் மறுத்துவிட்டார். தம் தோழர்களின் இரத்தத்தைக் காசாக்குவதாகத் தோன்றும் என்பதே அவர் சொன்ன காரணம்.

போரில் இறந்தவரைக் கௌரவிப்பது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எந்த அணிவகுப்பிலும் இல்லை. இறந்தவர் பெயரைச் சொல்லித் தன்னை உயர்த்திக்கொள்வது ஒன்று. இறந்தவர் முன் தன்னைத் தாழ்த்திக்கொள்வது மற்றொன்று. முதலாவதை உலகம் செய்கிறது. இரண்டாவதைத்தான் கிறிஸ்தவன் செய்யவேண்டும்.

மக்கபேயர் இரண்டாம் ஆகமத்தில் 12-ஆம் அதிகாரத்தை வீட்டில் திறந்து பாருங்கள். போரில் வென்ற தளபதி யூதா மக்கபே, மாண்ட தன் வீரரை அடக்கம் செய்ய வருகிறார். அவர்களுடைய உடைக்குள் விலக்கப்பட்ட விக்கிரகத் தாயத்துகள் இருக்கக் காண்கிறார். பாவத்தில் இறந்தவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிடவில்லை. வீரரிடையே ஏறக்குறைய 2,000 வெள்ளிக்காசு திரட்டி, அவர்களுக்காகப் பாவப்பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்புகிறார். குறை கண்ட இடத்திலும் மன்றாடினார் அந்தத் தளபதி. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக நாம் மன்றாடுவதற்கு வேதத்தில் உள்ள சான்று இதுவே. அது ஒரு போர்க்களத்தில் பிறந்தது என்பதை மறவாதீர்கள்.

மூன்று பூசைகள் வந்த வரலாறு

நவம்பர் 2-ஆம் நாள் சகல ஆத்துமாக்கள் திருநாளில் ஒரு குரு மூன்று பூசைகள் நிறைவேற்றலாம் என்பதை அறிவீர்கள். அந்தச் சலுகை உலகத் திருச்சபை முழுவதற்கும் வந்தது இதே போரினால்தான் என்பது பலருக்குத் தெரியாது.

எம்டன் சென்னைக்கு வருவதற்கு 19 நாள் முன்பு, 1914 செப்டம்பர் 3-இல், பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் பாப்பரசராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அவர் பதவியேற்றதே போரின் நடுவில். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளிலாவது பீரங்கிகள் ஓயட்டும் என்று அரசுகளைக் கெஞ்சினார், அவை இணங்கவில்லை. 1917 ஆகஸ்டு 1-இல் சமாதான வழிகளை எழுதி அனுப்பினார், அதையும் தள்ளினார்கள். அரசர்கள் கேட்காவிட்டாலும் ஆண்டவர் கேட்பார் என்று, 1915 ஆகஸ்டு 10-இல் ஒரு சாசனம் வெளியிட்டார். போரில் கணக்கின்றி மடிவோரை நினைத்து, சகல ஆத்துமாக்கள் நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசைகள் செய்யலாம் என்று அனுமதித்தார். ஒன்று குருவின் விருப்பக் கருத்துக்காக. ஒன்று மரித்த விசுவாசிகள் அனைவருக்காக. ஒன்று பாப்பரசரின் கருத்துக்காக.

ஆகவே நம் பீடத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 2-இல் நடக்கும் அந்த மூன்று பூசைகளும், எம்டன் சென்னையைச் சுட்ட போரின் நினைவைத் தாங்கி நிற்பவை.

நம்மவர் எங்கே?

அந்தப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து சென்றார்கள். 74,000 பேர் அளவில் திரும்பி வரவில்லை. வணிகக் கப்பல்களில் ‘லஸ்கர்’ என்று பெயர் பெற்ற நம் நாட்டு மாலுமிகள் கரி அள்ளினார்கள், கயிறு இழுத்தார்கள். கடலிலேயே கல்லறை கொண்ட 2,000-க்கும் மேற்பட்ட மாலுமிகளுக்கு மும்பையில் மாலுமிகள் இல்லத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. கல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் 896 லஸ்கர்களுக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. நம் சென்னையில் கோட்டைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னமும், நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டமும் உள்ளன. நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850-க்கும் மேற்பட்டோர் அடக்கம் பெற்றிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் மாண்டு நாட்டின் பல இடங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தக் கற்களில் எழுதியுள்ள வயதைப் படிக்கச் சொல்லுங்கள். போரைப் பற்றி நான் செய்யும் பிரசங்கம் அதற்குப் பிறகு தேவைப்படாது.

சுதந்திர இந்தியாவிலும் நமக்கு அத்தகைய தளபதி ஒருவர் உண்டு. 1971 டிசம்பர் 9 இரவு, டையூ கரைக்கு அப்பால் நம் கடற்படைக் கப்பல் ‘குக்ரி’யைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி ‘ஹாங்கோர்’ தாக்கிற்று. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. அதன் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா, தம் உயிர்காப்புச் சட்டையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, தாம் கப்பலோடு கடலுக்குள் சென்றார். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அன்று மாண்டார்கள். முல்லாவுக்கு மகாவீர் சக்கரம் அளிக்கப்பட்டது. டையூவில் கடலைப் பார்த்தபடி அவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. எம்டன் முல்லரும் குக்ரி முல்லாவும் வெவ்வேறு நாட்டவர், வெவ்வேறு காலத்தவர். தன் ஆட்களின் உயிரே தன் உயிரைவிடப் பெரிது என்று எண்ணியதில் இருவரும் ஒன்று.

திருச்சபை இதில் எங்கே நிற்கிறது? நாட்டைக் காக்கும் கடமையை நேர்மையாய்ச் செய்யும் வீரன் சமாதானத்துக்கு உழைப்பவனே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் சாசனத்தில் கூறியது. நகரங்களையும் மக்களையும் வகைதொகையின்றி அழிப்பதோ ஆண்டவருக்கும் மனிதனுக்கும் எதிரான பாதகம் என்று அதே சாசனம் கண்டித்தது. வீரனை மதிப்போம், போரை மதியோம்.

ஜூபிலி ஆண்டில் ஒரு விண்ணப்பம்

கடலில் போனவன் திரும்பாவிட்டால் வீடு என்ன பாடுபடும் என்பதை நம் கரையோர மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இராயபுரத்தில் அர்ச். இராயப்பர் ஆலயத்தைத் தங்கள் உழைப்பால் எழுப்பியவர்கள் படகோட்டிகள். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர்வரை கடலை நம்பி வாழும் குடும்பங்களில், 2004 டிசம்பர் 26 சுனாமியை நினைத்து இன்றும் கலங்குவோர் உண்டு. உடல் கிடைத்தால் மண் போட்டு அழலாம். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றலாம். உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கே ஏற்றுவது? குக்ரி மாலுமியின் தாய்க்கும், எம்டன் மாலுமியின் தாய்க்கும், சுப்ரா கப்பலில் மாண்டவனின் தாய்க்கும், புயலில் படகு கவிழ்ந்த நம் சகோதரனின் தாய்க்கும் இருந்த துக்கம் ஒன்றே.

ஆகையால் இந்த ஜூபிலி ஆண்டு முதல் நம் பங்கில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்த விரும்புகிறேன். நவம்பர் மாதத்தில் மரித்தோர் பெயர் எழுதும் நோட்டில், நம் வீட்டாரின் பெயர்களுக்குப் பிறகு கடைசிப் பக்கத்தை வெறுமையாய் விடுவோம். அதன் தலைப்பில் “கல்லறை இல்லாதவர்கள்” என்று மட்டும் எழுதுவோம். போரிலும் புயலிலும் கடலில் மாண்டவர் எல்லாருக்கும் அந்தப் பக்கம் உரியது. நாடும் மதமும் அதில் கேட்க வேண்டாம். ஆண்டவர் அவர்களைப் பெயர் சொல்லி அறிவார். நவம்பர் 2-இல் மரித்த விசுவாசிகள் அனைவருக்காக நான் செய்யும் பூசையில் அந்த நோட்டு பீடத்தின்மேல் இருக்கும். கடலில் மாண்ட எல்லாருக்காகவும் அன்று மன்றாடுவோம். உங்கள் குடும்பத்தில் அப்படிப்பட்டவர் இருந்தால் வந்து பெயரை எழுதுங்கள். இல்லாவிட்டாலும் பூசைக்கு வாருங்கள்.

இனி உங்கள் பிள்ளையை ‘எம்டன்’ என்று யாராவது சொன்னால், அந்தக் கப்பலின் கதையைச் சொல்லிக்கொடுங்கள். குண்டு போட்டதை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கப்பலை நிறுத்தி எதிரியைத் தண்ணீரிலிருந்து தூக்கியதையும், தோழரின் இரத்தத்தைக் காசாக்க மறுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், மரித்தோர்க்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மந்திரமும் குடும்பமாகச் சொல்லுங்கள்.

மரித்த ஆத்துமாக்கள் ஆண்டவருடைய இரக்கத்தினால் சமாதானத்தில் இளைப்பாறுவார்களாக. கடலின் நட்சத்திரமாகிய நம் தாய் மரியாள் இக்கரையையும், இதிலிருந்து கடலுக்குப் போகிற ஒவ்வொருவரையும் காத்தருள்வாளாக.

ஜூபிலி ஆசீருடன்,
உங்கள் பங்குக் குரு
காலடிப்பேட்டை